மே மாதம் வேண்டாம், ஆறு வற்றிய பிறகு போங்கள்: கட்டாவி பயணம் பற்றி

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள், மனைவி, 14 வயது மகள், 64 வயது அப்பா என்று நான்கு பேர். சென்னையிலிருந்து கிளம்பிப் பத்து நாளில் திரும்ப வேண்டும். செரெங்கெட்டியில் ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டி நிற்கும் படங்களைப் பார்த்து மனசு விட்டுப்போய், டான்சானியாவின் மேற்கே ஒதுங்கிக் கிடக்கும் கட்டாவி தேசியப் பூங்காவுக்குப் போகலாமா என்று யோசிக்கிறீர்கள். பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதம் போனால் எப்படி இருக்கும், அப்பாவால் தாங்க முடியுமா, எவ்வளவு ஆகும் என்பது கேள்வி.

போகலாம். அப்பாவையும் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் மே மாதம் வேண்டவே வேண்டாம். நான் கட்டாவிக்கு மூன்று முறை போயிருக்கிறேன், அதில் முதல் முறை தவறான மாதத்தில் போனேன், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மற்ற பூங்காக்களில் மாதம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் ஏதாவது பார்த்துவிட்டு வரலாம். கட்டாவியில் எல்லாவற்றையும் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. எந்த விலங்கு எங்கே நிற்கும், எந்தப் பாதையில் வண்டி போகும், எந்த கேம்ப் திறந்திருக்கும், எல்லாமே ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் தேதி, அப்புறம்தான் டிக்கெட், லாட்ஜ், செலவு எல்லாம்.

இடம் எப்படி இருக்கும் என்று சொன்னால் காரணம் புரியும். கட்டாவி 1974-இல் தேசியப் பூங்கா ஆனது, பிறகு விரிவாக்கப்பட்டு இப்போது 4,471 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி மியோம்போ என்கிற இலையுதிர் காடு. நடுவில் தட்டையான பெரிய புல்வெளிகள். கட்டூமா என்ற ஆறு இந்த வெளிகளின் ஊடே ஓடி, கட்டாவி ஏரி, சாடா ஏரி என்ற இரண்டு தாழ்வான இடங்களை நிரப்பி, கடைசியில் தெற்கே ருக்வா ஏரிப் பக்கம் வடிகிறது. ஏரி என்று பெயர்தானே தவிர, அவை நம் ஊர்க் கண்மாய் மாதிரி, மழை பெய்தால் கடல், கோடையில் வெடித்த தரை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை. அந்த வெளிகளில் இருப்பது அச்சு அசலாக நம் கரிசல் மண்தான். காய்ந்தால் பாறை, நனைந்தால் பசை. முதல் முறை நவம்பர் கடைசியில் "சீசன் முடிவு, விலை குறைவு" என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போனேன். இரண்டு நாள் மழை பிடித்தது, வண்டி அச்சு வரை இறங்கி ஒரு முழுப் பிற்பகலும் சேற்றில் நின்றோம், இரண்டே இரவு தங்கியதால் ஈடுகட்டவும் நாள் இல்லை. விலங்குகள் எல்லாம் காட்டுக்குள் சிதறிப் போயிருந்தன.

மே மாதம் இதற்கு நேர் மறுபக்கம். மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். புல் ஆள் உயரம் நிற்கும், எங்கே பார்த்தாலும் தண்ணீர் இருப்பதால் எந்த விலங்குக்கும் ஆற்றுப் பக்கம் வர வேண்டிய அவசியமே இருக்காது. பெரும்பாலான கேம்ப்கள் அந்தச் சமயத்தில் மூடியிருக்கும், ஜூன் வாக்கில்தான் திறப்பார்கள். ஜூலையில் நிலைமை மாறத் தொடங்கும். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதமும் நீங்கள் தேடிப்போகும் கட்டாவி. காட்டுக்குள் இருந்த குட்டைகள் எல்லாம் வற்றி, கட்டூமா ஆறு ஓட்டம் நின்று, அங்கங்கே மடுக்களாகத் தேங்கி நிற்கும். அத்தனை வாய்க்கும் அது ஒன்றுதான் தண்ணீர்.

அந்த மடுக்களில் நீர்யானைகள் சேர்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டாவியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நீர்யானைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. தோலில் ஒரு சிவப்பான பசை சுரந்து ஓரளவு காக்கும், ஆனாலும் பகல் முழுக்க நனைந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெடித்துவிடும். மழைக்காலத்தில் பூங்கா முழுக்கப் பரவி இருந்தவை, தண்ணீர் சுருங்கச் சுருங்க ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேரும். செப்டம்பர் கடைசியில் ஒரு மடுவில் நூற்றுக்கணக்கில் கிடக்கும். தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது, சாம்பல் நிற முதுகுகள்தான் தெரியும், ஒன்றின் முதுகில் இன்னொன்றின் தாடை, நடுவில் குட்டிகள். ஒரு வளர்ந்த ஆண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். அப்படி ஒன்று இடத்துக்காக இன்னொன்றைத் தள்ளினால் மொத்தக் கும்பலும் அலை மாதிரி அசையும், வாயை முழுக்கத் திறந்து கோரைப்பல்லைக் காட்டி உறுமும், சில சமயம் ரத்தம் வரும் வரை சண்டை நடக்கும். நாற்றம் கடுமையாக இருக்கும், முதல் அரை மணி நேரம் மகள் மூக்கைப் பொத்திக்கொள்வாள், பிறகு மறந்துவிடுவாள். அந்தச் சத்தம் மட்டும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு ஒரே மடுவின் கரையில் இரண்டு மூன்று மணி நேரம் உட்காருங்கள். ஓடி ஓடிப் பார்ப்பதைவிட இங்கே உட்கார்ந்து பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதே ஆற்றில் முதலைகளைப் பாருங்கள். தண்ணீர் போன பிறகு அவை கரையின் மண்சுவரில் குடைந்த பொந்துகளுக்குள் போய் அடுக்கிவைத்த மாதிரி படுத்துக்கிடக்கும், அசைவே இருக்காது, மழை வரும் வரை கிட்டத்தட்ட ஒரு தவம். இக்கூ என்ற இடத்தில் இதைப் பக்கத்திலேயே பார்க்க முடியும். சுவாஹிலி மொழியில் முதலைக்கு 'மாம்பா' என்று பெயர். கைடு "மாம்பா, மாம்பா" என்றால் பாம்பைத் தேடாதீர்கள், கரையைப் பாருங்கள். நீர்யானைக்கு 'கிபோகோ'. எருமைக்கு 'ஞாத்தி'. இந்த எருமைகள் நூற்றுக்கணக்கில், சில நாள் ஆயிரம் இருக்குமோ என்று தோன்றும் அளவுக்கு, தூசி கிளப்பிக்கொண்டு கட்டிசுங்கா வெளியைக் கடந்து தண்ணீருக்கு வரும். அவற்றின் பின்னாலேயே சிங்கம். கட்டாவியில் சிங்கங்கள் எருமையை வேட்டையாடுவதில் கைதேர்ந்தவை, ஆற்றங்கரை நிழலில் கூட்டமாகப் படுத்திருப்பதை நான் போன இரண்டு வறண்ட காலத்திலும் தினமும் பார்த்தேன். யானை, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, டோபி என்ற மான், நீர்மான் எல்லாம் உண்டு. கொஞ்சம் பொறுமை இருந்தால் காட்டுப் பகுதியில் ரோன், சேபிள் என்ற இரண்டு பெரிய மான் வகைகள் கிடைக்கும், செரெங்கெட்டி மாதிரியான வடக்குப் பூங்காக்களில் இவற்றைப் பார்ப்பது அபூர்வம்.

கிடைக்காததையும் சொல்லிவிடுகிறேன். காண்டாமிருகம் இல்லை. சிவிங்கிப்புலியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சிறுத்தை இருக்கிறது, ஆனால் காட்டுக்குள் ஒளிந்தே இருக்கும். மகள் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்றால் கட்டாவி மட்டும் போதாது, அதற்குக் கீழே ஒரு வழி சொல்கிறேன். ஆனால் கூட்டம் இல்லாத காடு வேண்டும் என்று கேட்டீர்கள் இல்லையா, அது நிச்சயம். வருடம் முழுக்கவே சில ஆயிரம் பேர்தான் இங்கே வருகிறார்கள். நான்கு நாள் சுற்றியதில் வேறு வண்டி என்று நான் பார்த்தது மொத்தம் மூன்று.

சரி, தேதி. உங்களுக்குப் பொருத்தமானது காலாண்டுத் தேர்வு விடுமுறை. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம், கட்டாவிக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. விடுமுறைக்கு முன்னும் பின்னும் பள்ளியில் மூன்று நான்கு நாள் அனுமதி கேட்க வேண்டி வரும், இப்போதே பேசிவையுங்கள். வெயிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அக்டோபரில் மதியம் 35 டிகிரியை ஒட்டிப் போகும், தூசியும் உண்டு. சென்னைக்காரருக்கு வெயில் புதிதில்லை, ஆனால் ஏசி இல்லாத கூடாரத்தில் மதியம் இரண்டு மணிக்கு அப்பாவுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்குக் கிளம்பி பதினொன்றுக்குத் திரும்பி, மாலை நான்குக்கு மறுபடி கிளம்பினால் அவர் சமாளித்துவிடுவார். வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவே கொள்ளாது என்றால் ஆகஸ்ட் நடுவில் போங்கள், காலையில் ஸ்வெட்டர் போடும் அளவுக்குக் குளிரும், மடுக்களில் நெருக்கம் மட்டும் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

போய்ச் சேரும் வழி இரண்டு. வசதியான வழி சின்ன விமானம். அருஷாவிலிருந்து வருவது ஒன்று, தார் எஸ் சலாமிலிருந்து ருவாஹா தேசியப் பூங்கா வழியாக வருவது இன்னொன்று. நான் போன வருடங்களில் இரண்டுமே வாரத்துக்கு இரண்டு நாள்தான், திங்களும் வியாழனும். அதாவது நீங்கள் விரும்பிய நாளில் போய் விரும்பிய நாளில் திரும்ப முடியாது. ஒன்று மூன்று இரவு, அல்லது நான்கு இரவு. முழுத் திட்டத்தையும் இந்த இரண்டு கிழமைகளின்மேல்தான் கட்ட வேண்டும், எனவே சர்வதேச டிக்கெட் போடுவதற்கு முன் அந்த வருட அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். விமானம் பெரும்பாலும் பன்னிரண்டு பதின்மூன்று பேர் உட்காரும் செஸ்னா கேரவன். ஒரு ஆளுக்கு 15 கிலோ, கைப்பையும் சேர்த்து, அதுவும் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி கூடாது, மடங்கும் துணிப்பை மட்டும். உள்ளே கழிவறை கிடையாது, நடுவில் இறங்கும் இடங்களில்தான் போக முடியும். அப்பாவிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

நான் போடும் கணக்கு இது, உங்கள் பத்து நாளைவிட ஒரு நாள் கூடும். சனிக்கிழமை சென்னையிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாக தார் எஸ் சலாம், ஞாயிறு இரவு அங்கே தூக்கம். திங்கள் ருவாஹா, மூன்று இரவு. வியாழன் அங்கிருந்து கட்டாவி, நான்கு இரவு. அடுத்த திங்கள் தார் எஸ் சலாம் திரும்பி, செவ்வாய் ஊருக்கு விமானம். ருவாஹாவை ஏன் சேர்க்கிறேன் என்றால், பயணத்தின் முதல் மூன்று நாள் எல்லோருக்கும் கண் பழக வேண்டும். அங்கே பெருக்க மரங்களும் (பாவோபாப்) யானைக் கூட்டங்களும் சிறுத்தைக்கு நல்ல வாய்ப்பும் உண்டு, மகளின் பட்டியலில் பாதி அங்கேயே முடிந்துவிடும். அதன்பிறகு கட்டாவிக்குப் போனால் அவசரம் இல்லாமல் ஒரே இடத்தில் உட்கார மனசு வரும். பலர் கட்டாவியோடு மஹாலே மலையைச் சேர்க்கச் சொல்வார்கள், டாங்கன்யிகா ஏரிக்கரையில் சிம்பன்சிகளைப் பார்க்கும் இடம், அருமையான இடம்தான். ஆனால் அங்கே வண்டிப் பாதையே கிடையாது, சிம்பன்சி இருக்கும் இடம் வரை செங்குத்தான மலைக்காட்டில் நடக்க வேண்டும், சில நாள் அரை மணி நேரம், சில நாள் நான்கு மணி நேரம். அப்பா இல்லாமல் போகும் பயணத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி செலவு குறைந்தது. பூங்காவின் வடக்கே சுமார் நாற்பது கிலோமீட்டரில் ம்பாண்டா என்ற ஊர் இருக்கிறது, கட்டாவி மாகாணத்தின் தலைநகர். தார் எஸ் சலாமிலிருந்து அங்கே ஏர் டான்சானியா விமானம் உண்டு, டபோரா வழியாக ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. அங்கிருந்து சிடாலிக்கே என்ற கிராமம்தான் பூங்காவின் வாசல். கிராமத்தை ஒட்டி ஓடும் கட்டூமா ஆற்றிலேயே நீர்யானைகள் கிடக்கும், ஆற்றங்கரையில் எளிமையான தங்குமிடங்கள் உண்டு, பூங்கா நிர்வாகத்தின் குடில்களும் உண்டு. நான் இரண்டாம் முறை இப்படித்தான் போனேன். பிரச்சினை வண்டி. சிடாலிக்கேயில் இறங்கிக்கொண்டு நல்ல சஃபாரி வண்டி தேடினால் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ம்பேயா, இரிங்கா மாதிரி பெரிய ஊர் ஒன்றிலிருந்து ஓட்டுநரோடு லேண்ட் க்ரூசர் பேசி, அது வந்து உங்களை ம்பாண்டாவில் எடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும், வண்டி வந்து போகும் நாளுக்கும் சேர்த்துப் பணம் கேட்பார்கள். ஒரு நாளைக்கு 200 முதல் 300 டாலர் வரை வண்டிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், நான்கு பேர் பகிரும்போது அது மோசமில்லை. இரண்டு ஸ்டெப்னி, கூடுதல் டீசல் கேன், சேற்றில் இருந்து இழுக்கும் கயிறு, சாட்டிலைட் போன், இந்த நான்கும் இருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லியே உறுதிசெய்யுங்கள். கடைசி பெட்ரோல் பங்க் ம்பாண்டாவில்தான். நீங்களே ஓட்டிப் போவது பற்றி யோசித்திருந்தால், முதல் பயணத்தில் வேண்டாம். பூங்காவுக்குள் ஒரு பாதையில் நின்றுவிட்டால் அன்று முழுக்க வேறு வண்டி வராமலே போகலாம்.

பூங்காவுக்கு உள்ளே இருக்கும் கூடார கேம்ப்களில் விமானத்தில் வந்து தங்குவது என்றால், ஒரு ஆளுக்கு ஓர் இரவுக்கு ஏறக்குறைய 700 டாலரில் தொடங்கி 1,000 டாலரைத் தாண்டியும் போகும். சாப்பாடு, வண்டி, கைடு எல்லாம் அதில் அடக்கம். நான்கு பேர், ஏழு இரவு என்றால் விமானம் சேர்க்காமலே 20,000 டாலரை ஒட்டித் தொடங்கும். 14 வயதுக்குச் சலுகை உண்டா என்று கேளுங்கள், பெரும்பாலும் உண்டு. பூங்கா நுழைவுக் கட்டணம் தனி: வெளிநாட்டவருக்கு 24 மணி நேரத்துக்கு 30 டாலர் அளவில், அதோடு 18 சதவீத வரி, 16 வயதுக்குக் கீழே குறைவு. இது அவ்வப்போது மாறும், டானபா என்கிற பூங்கா நிர்வாகத்தின் கட்டண அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பணமா என்று தோன்றினால் சிடாலிக்கே வழியில் இதில் பாதிக்கும் கீழே முடிக்கலாம், வசதியைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும், காட்டை அல்ல.

கேம்ப்பைச் சுற்றி வேலி கிடையாது. இரவில் நீர்யானைகள் மடுவிலிருந்து எழுந்து மேயப் போகும், ஒரு இரவுக்கு நாற்பது கிலோ புல் வரை தின்னும், உங்கள் கூடாரத்தின் பக்கத்திலேயே மென்றுகொண்டு நிற்கும். யானை வரும், கழுதைப்புலி வரும். இருட்டிய பிறகு சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போக ஒரு ஆள் டார்ச்சோடு வந்து கூட்டிப்போவார், அவர் வராமல் ஜிப்பைத் திறக்கவே கூடாது. மகளுக்கும் அப்பாவுக்கும் தனித்தனிக் கூடாரம் வேண்டாம், ஒன்று நீங்களும் அப்பாவும், இன்னொன்று மனைவியும் மகளும். அப்பாவின் கூடாரம் சாப்பாட்டு இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், கழிவறை கூடாரத்தோடு ஒட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். நடைச் சஃபாரி உண்டு, துப்பாக்கியோடு ரேஞ்சர் வருவார், ஆனால் வயது வரம்பு வைத்திருப்பார்கள், மகளுக்கு அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் எந்தக் காலத்திலும் நிற்கக் கூடாது, அதன் வழியை மறித்தால் ஓடித் தப்பிக்க முடியாது.

அடுத்தது ட்செட்ஸி ஈ. விளம்பரப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. கட்டாவியின் மியோம்போ காட்டுப் பகுதியில் இது நிறைய உண்டு, திறந்த புல்வெளியில் குறைவு. மாட்டு ஈ அளவில் இருக்கும், பகலில் கடிக்கும், ஓடும் வண்டியைத் துரத்திக்கொண்டு வரும், மெல்லிய சட்டைக்கு மேலேயே ஊசி குத்துவது மாதிரி குத்தும். கொசு விரட்டும் க்ரீம் இதனிடம் பெரிதாக எடுபடாது. நிறம்தான் முக்கியம். நீலமும் கறுப்பும் இதை இழுக்கும், பாதையோரம் மரத்தில் நீலக் கறுப்புத் துணி தொங்குவதைப் பார்ப்பீர்கள், அது இந்த ஈயைப் பிடிக்க வைத்த பொறி. எனவே ஜீன்ஸ் ஒன்றுகூட எடுத்துவராதீர்கள், மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். காக்கி, மண் நிறம், வெளிறிய பச்சை, கொஞ்சம் தடித்த துணி, முழுக்கை, முழுக்கால். சில கைடுகள் காய்ந்த யானைச் சாணியை ஒரு டின்னில் புகையவிட்டு வண்டியில் தொங்கவிடுவார்கள், அது உண்மையிலேயே உதவுகிறது. இந்த ஈயால் தூக்க நோய் வரலாம், பயணிகளுக்கு வருவது மிக அரிது. ஆனால் கடித்த இடம் கட்டிபோல வீங்கிப் புண்ணாகி, கூடவே காய்ச்சலும் வந்தால், ஊர் திரும்பிய பிறகானாலும், டான்சானியா போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

மலேரியா இதைவிடப் பெரிய விஷயம். அங்கே இருப்பது மூளை வரை பாதிக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை, குளோரோகுயின் அதற்கு வேலை செய்யாது. நான்கு பேருமே தடுப்பு மாத்திரை சாப்பிட வேண்டும். டாக்ஸிசைக்ளின் விலை குறைவு, ஆனால் வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகும், ஊர் திரும்பியும் நான்கு வாரம் தொடர வேண்டும். அடோவாகோன்-புரோகுவானில் என்றால் திரும்பி ஏழு நாள் போதும். அப்பா ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க என்று ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் அந்தச் சீட்டோடு போய் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், என் பேச்சை வைத்து அல்ல.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் குழப்பம் எல்லோருக்கும் வரும். இந்தியாவிலிருந்து துபாய், தோஹா வழியாக நேராக டான்சானியா போனால் அந்தச் சான்றிதழ் கேட்கும் விதி உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் கென்யா, எத்தியோப்பியா மாதிரி அந்த நோய் இருக்கும் நாட்டில் தங்கினாலோ, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கே விமானத்துக்குக் காத்திருந்தாலோ டான்சானியாவில் கேட்பார்கள். திரும்பும்போது இந்தியாவும் கண்டிப்பு, அப்படிப்பட்ட நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். அறுபது வயதுக்கு மேல் இந்த ஊசியின் பக்கவிளைவு அபாயம் கொஞ்சம் அதிகம், முட்டை ஒவ்வாமை இருப்பவர்களுக்கும் பிரச்சினை. அதனால்தான் அப்பாவுக்காக நைரோபி, அடிஸ் அபாபா வழி டிக்கெட் மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்கிறேன். மற்றவர்கள் போட்டுக்கொள்வதானால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

பயணக் காப்பீட்டில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: மருத்துவ அவசரத்துக்கு விமானத்தில் எடுத்துப்போகும் செலவு அடங்குமா என்பது. கட்டாவியில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் பெரிய மருத்துவமனை என்பது விமான தூரத்தில்தான். நைரோபியைத் தளமாகக் கொண்ட ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவையில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று குறைந்த விலையில் சந்தா உண்டு, கேம்ப் ஏற்கெனவே அதில் சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள். இரவில் காட்டு ஓடுதளத்தில் விமானம் இறங்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். அப்பாவின் மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பையில் வையுங்கள்.

சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள், மனைவியும் அப்பாவும் சைவம் என்று. பயப்பட வேண்டாம். பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், ஏனென்றால் காய்கறி லாரியிலோ விமானத்திலோதான் வருகிறது, போய் இறங்கிச் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. மஹராகே என்கிற பீன்ஸ் குழம்பு, தண்டுக்கீரை மாதிரியே இருக்கும் ம்சிச்சா, சப்பாத்தி (அங்கேயும் அதே பெயர்தான்), சோறு, மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி. உகாலியை நம் களி சாப்பிடுவது மாதிரி கையால் உருட்டிக் குழம்பில் தொட்டுச் சாப்பிட வேண்டும். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஊறுகாயும் பருப்புப்பொடியும் அந்த 15 கிலோவுக்குள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புளியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கட்டாவி என்ற பெயரே கட்டாபி என்ற ஒரு வேட்டைக்கார மூதாதையின் ஆவியிலிருந்து வந்தது. கட்டாவி ஏரியின் பக்கத்தில் நிற்கும் ஒரு புளியமரத்தில் அவர் குடியிருப்பதாக நம்பி, சுற்றுவட்டாரத்து மக்கள் அதன் அடியில் காணிக்கை வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். புளியமரத்தின் பூர்வீகமே ஆப்பிரிக்காதான், நாம் நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுவாஹிலியில் மரத்துக்கு ம்க்வாஜு, புளிக்கு உக்வாஜு என்று பெயர். அந்த மரத்தடிக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கைடிடம் கேளுங்கள், அடியில் இருப்பது எதையும் தொடாதீர்கள், படம் எடுக்கலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஊரில் பேய் இருக்கும் என்று நாம் ஒதுங்கிப்போகும் மரத்தின் முன்னால் என் கைடு தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார், நானும் செருப்பைக் கழற்றினேன்.

சில்லறை விஷயங்கள்: விசா ஆன்லைனில், ஒரு ஆளுக்கு 50 டாலர், ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். 2019 ஜூன் முதல் நாட்டுக்குள் பிளாஸ்டிக் பை கொண்டுபோகத் தடை, பெட்டிக்குள் கேரி பேக்கில் சுற்றி எதையும் வைக்காதீர்கள். பிளக் பெரும்பாலும் சதுரமான மூன்று முள் வகை, அடாப்டர் வேண்டும், கேம்ப்பில் சோலார்தான், எனவே பவர் பேங்க். ட்ரோனை வீட்டிலேயே விடுங்கள். ஆளுக்கு ஒரு பைனாகுலர் கட்டாயம், ஒன்றை நான்கு பேர் பகிர்ந்தால் தினமும் சண்டை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனசை உறுத்தும் விஷயம். கட்டூமா ஆறு இப்போதெல்லாம் முன்பைவிடச் சீக்கிரம் வற்றுகிறது. பூங்காவுக்கு மேலே, ஆற்றின் வழியில், நெல் வயல்களுக்காக அணை கட்டித் தண்ணீரைத் திருப்புகிறார்கள். மேலே இருப்பவர்களும் ஏழை விவசாயிகள்தான், அவர்களைக் குறை சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை, காவிரியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது தெரியும். ஆனால் கீழே மடு முழுக்கச் சேறாகி, நீர்யானை முதுகில் வெடிப்பு விழுந்து, சில நாள் ஒன்றிரண்டு செத்துக் கிடப்பதையும் நீங்கள் பார்க்க நேரலாம். மகளிடம் அதை மறைக்காதீர்கள். கைடிடம் ஆற்றைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள், என் கைடு அந்தக் கிராமங்களில் பிறந்தவர், இரண்டு பக்க நியாயத்தையும் அவரால் பேச முடிந்தது. வருடம் முழுக்கச் சில ஆயிரம் பேர்தான் வரும் பூங்காவுக்கு, வருகிற ஒவ்வொரு குடும்பமும் இந்த ஆற்றைக் காப்பவர்கள் கையில் ஒரு கணக்காக இருக்கிறது.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது மூன்றே வேலை. பள்ளியில் காலாண்டு விடுமுறை தேதியைக் கேளுங்கள். அந்த வாரத்துக்கு வியாழன் போய் திங்கள் திரும்பும் நான்கு இருக்கை இருக்கிறதா என்று கேம்ப்புக்கு எழுதுங்கள், எட்டு மாதம் முன்பே எழுதினால்தான் கிடைக்கும். கட்டாவியில் ஒரு கேம்ப்பில் மொத்தமே ஆறேழு கூடாரம்தான் இருக்கும். அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப்போய் விமானம், வெயில், மாத்திரை மூன்றையும் கேட்டு வாருங்கள். கேம்ப்பிலிருந்து பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள், ஆற்றைப் பார்த்த மாதிரி எந்தக் கூடாரங்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது, கேட்டு வாங்கித் தரச் சொல்கிறேன்.